சாளை எண்ணெயில் ஊறிய பிரேக்

கீழமுனையில் எண்ணெய் காணாத இரும்பு கிடையாது. ஒரு பக்கம் உப்பளம், மூன்று பக்கம் கடல் என்று நீட்டிக்கொண்டு கிடக்கிற அந்த ஊரில் காற்றே இரும்பைத் தின்று வளர்கிற காற்று என்பதால், கதவுக் கீலுக்கும் கிணற்று உருளைக்கும் தையல் மெஷினுக்கும் கோயில் மணியின் நாக்குக்கும் சாளை மீனைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைத் தடவிக்கொண்டே இருப்பார்கள். வாழ வந்த பெண்கள் முதல் ஒரு மாதம் மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டும், அதற்குப் பிறகு தாய் வீட்டுக்குப் போனால் அந்த வாடை இல்லாமல் தூக்கம் வராமலும் இருப்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த மூக்காண்டி அண்ணாச்சி, மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றத்தன்று, கடை வாசலில் பதினோரு சைக்கிள் வரிசையில் நிற்க, பதினோரு பேரும் ஆளுக்கொரு பக்கம் அவசரப்படுத்த, ரெமிஜியுஸின் சைக்கிளுக்குப் புதிதாக மாட்ட எடுத்து வைத்த நான்கு பிரேக் கட்டைகளையும் மற்ற நட்டு போல்ட்டுகளோடு சேர்த்து எண்ணெய் டப்பாவுக்குள் போட்டு, ஊற வைத்து, எடுத்து மாட்டிவிட்டார். ஒரு சைக்கிளில் எண்ணெய் படவே கூடாத இடம் அது ஒன்றுதான். அவருக்கு அது தெரியாமல் இல்லை. முப்பது வருஷமாக அந்த ஊர்க் காற்றோடு மல்லுக்கட்டின கைக்கு அன்றைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் நாலரை மணிக்கு ரெமிஜியுஸ் சைக்கிளை எடுத்தான். உப்பளத்தில் மூட்டை தூக்குகிறவன், இருபத்தேழு வயது, கல்யாணமாகி ஒரு வருஷம். வீட்டு வாசலில் அவன் மனைவி ஜெசிந்தா ஐந்து மாத வயிற்றோடு, தலை நிறையப் பூவோடு, கேரியரில் உட்கார்ந்து கொடியேற்றத்துக்குப் போகத் தயாராக நின்றாள். அவன் வந்தான். வாசலுக்கு நேராக இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்தான்.

"ஏளா ஜெசி, நிக்க மாட்டேங்கு" என்று சொல்லிக்கொண்டே அவளைத் தாண்டிப் போனான்.

ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவான் என்று அவள் நின்றாள். வந்தான். நிற்கவில்லை. அடுத்த சுற்றும் வந்தான். கொடி ஏறி, வேட்டுச் சத்தம் ஓய்ந்து, கூட்டம் கலைந்து, அவள் தலையில் பூ வாடின பிறகும் வந்துகொண்டே இருந்தான்.

முதல் நாள் ஊர் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டது. இரண்டாம் நாள் ஆறு பேர் கேரியரைப் பிடித்துக் கரைவலை இழுக்கிற மாதிரி பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். ஆறு பேருடைய செருப்பும் தேய்ந்ததே தவிர சைக்கிளின் வேகம் குறையவில்லை. மூன்றாம் நாள் நங்கூரக் கயிற்றை ஒரு முனை சைக்கிளிலும் மறுமுனை கொடிமரத்திலுமாகக் கட்டினார்கள். கயிறு அறுந்தது, கொடிமரம் கிழக்கே சாய்ந்தது, இன்றைக்கும் சாய்ந்துதான் நிற்கிறது. நான்காம் நாள் மறித்துக் கடற்கரைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். புதை மணலில் சிமென்ட் ரோட்டில் போகிற மாதிரி போய், முன்சக்கரம் அலையில் நனைந்ததும், நனைந்த பூனை திரும்புகிற மாதிரி தானாகத் திரும்பி மறுபடி தெருவுக்கு வந்து சேர்ந்தது. குதித்துவிடு என்றார்கள். பெடலை விட்டுக் கால் எழவில்லை என்றான். மிதிக்காதே என்றார்கள். "மிதிக்கலன்னாலும் போவுதுண்ணே" என்று காலை அசைக்காமல் காட்டினான். ஐந்தாம் நாள் எல்லோருக்கும் வேலை இருந்தது.

சைக்கிள் போகிற வழி மாறவே இல்லை. மாதா கோயில், மீன் ஏலக்கூடம், பஸ் நிற்கிற இடம், உப்பள வாசல், பள்ளிக்கூடம், அவன் வீடு இருக்கிற மூன்றாம் தெரு, மறுபடி மாதா கோயில். திருவிழாச் சப்பரம் போகிற அதே வழி. ஒரு சுற்றுக்கு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையும் அதன் பிரார்த்தனையும் சொல்லி முடிக்கிற நேரம் ஆனது. ஜெசிந்தா சொல்லிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். அவள் சிஸ்டர்மார் பள்ளிக்கூட விடுதியில் வளர்ந்தவள், பயந்த சுபாவக்காரி, எந்தப் பயத்தையும் ஜெபமாலை மணியில் கோத்து எண்ணிப் பழகினவள். அவன் கண்ணில் இருந்து மறைந்ததும் முதல் மணியைப் பிடிப்பாள். உப்பு லாரி வருகிற ரோடு என்று நினைத்துக்கொண்டே பத்து மணி, தூக்கத்தில் தலை சாய்ந்துவிடுமோ என்று பத்து மணி, வெயில் என்று பத்து, மழை என்று பத்து. கடைசி மணிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சைக்கிள் பெல் கேட்கும். மூச்சை விடுவாள். மறுபடி முதல் மணி.

ஊர் அப்படி எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஊர் அதைப் பழகிக்கொண்டது.

முடி வெட்டுகிற லாசர், மச்சினன் ஓட்டுகிற ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சனிக்கிழமைதோறும் பக்கவாட்டிலேயே போய் அவனுக்குச் சவரம் பண்ணினார். ஒரு கன்னத்துக்கு ஒரு சுற்று. சுவாமியார் கோயில் படிக்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுற்றுக்கு ஒரு பாவமாகக் கேட்டு, ஏழாவது சுற்றில் மன்னிப்புக் கொடுத்தார். பாவசங்கீர்த்தனத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிற ஒருவன் உத்தமனாகத்தான் இருக்க வேண்டும் என்று பிரசங்கத்திலும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அவன் பெல்லுக்குத்தான் பீரியடு மாற்றினார்கள். பால் பாக்கெட், தபால், மருந்துச் சீட்டு, மறந்துவிட்டுப் போன டிபன் கேரியர், எல்லாம் அவன் கையில் கொடுத்தால் போகிற வழியில் சேர்ந்துவிடும். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, எந்த வாசலில் கையை நீட்டினாலும் இட்லியோ பணியாரமோ இலையில் சுருட்டி வைத்தார்கள். ராத்திரி அவன் ஹேண்டில்பாரில் தலை சாய்த்துத் தூங்கும்போது நாய்கள்கூடக் குரைக்காமல் ஒதுங்கி நின்றன.

அரபு நாட்டுக்கு விசா வராமல் கிடந்த ஒருவன், விளையாட்டாக அவன் கேரியரில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டுப் போனான். பதினைந்தாம் நாள் விசா வந்தது. அதற்குப் பிறகு சைக்கிளில் ரிப்பன் கட்ட வெளியூரில் இருந்து வேன் பிடித்து வந்தார்கள். முன்பு உப்பளத்தில் "ஏலே மூட்டை" என்று கூப்பிட்டவர்கள் "ரெமி அண்ணன் வாறாரு, வழி விடுங்க" என்றார்கள். ஊர்க்கமிட்டிக் கூட்டத்தில் அவனுக்கு ஒரு நாளும் யாரும் நாற்காலி போட்டதில்லை, சுவரில் சாய்ந்துதான் நிற்பான்; இப்போது கமிட்டித் தலைவர் தொபியாஸ் அவன் தாண்டும்போது நாற்காலியை விட்டு எழுந்து நின்று கும்பிட்டார். வேகத்தடை அவனைக் குலுக்குகிறது என்று மூன்று வேகத்தடைகளையும் உடைத்து எடுத்து, ரோட்டை மெழுகின தரை மாதிரி ஆக்கினார்கள். அவனை நிறுத்துவதைத் தவிர அவனுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஊர் செய்தது.

ஜெசிந்தா எட்டாம் மாதத்தில் மனு எழுதினாள். அச்சடித்த மாதிரி இருக்கும் அவள் கையெழுத்து. ஊரில் முதியோர் பென்ஷனுக்கும் ரேஷன் கார்டுக்கும் அவள்தான் எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பாள். தனக்கென்று எழுதினது இதுதான் முதல் தடவை. 'சரியாகச் செய்யாத ரிப்பேரினால் என் கணவர் வீட்டில் இறங்க முடியாமல் போய்விட்டார். அவரை இறக்கித் தர வேண்டும், முடியாவிட்டால் அதற்கு நஷ்டஈடு தர வேண்டும்.' இரண்டு வரிதான். எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனாள்.

அங்கே இருந்த கிளார்க் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், மனுவை இரண்டு தடவை படித்தார்.

"சைக்கிள் யார் பேர்ல?"

"அவங்க பேர்ல."

"அப்ப அவர்தாம்மா கையெழுத்துப் போடணும். ரிப்பேருக்கு பில்லு?"

"சைக்கிள் கடையில யார் சார் பில்லு போடுவா?"

"அதுவும் சரிதான்" என்று அவர் மனுவைத் திருப்பிக் கொடுத்தார். "கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

அவள் மனுவை ஒரு பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு, பேனாவைக் கயிற்றில் கட்டி, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மூன்றாம் தெருவின் முனையில் நின்றாள். அவன் வந்ததும் அட்டையை நீட்டிக்கொண்டே கூட ஓடினாள். அவன் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு 'ரெ' என்று எழுதினான். அவளுக்கு மூச்சு முட்டியது. நின்றாள். ஒரு ஜெபமாலை. அடுத்த சுற்றில் 'மி'. ஒரு ஜெபமாலை. 'ஜி' எழுதும்போது அவள் கால் இடறி, வாசலில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செலின் மதினி வந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, பிள்ளைய ரோட்டுல பெத்துப் போட்டிராத. எதுக்கு இந்த ஓட்டம்? அந்த மனுசன் நல்லாத்தானே போய்க்கிட்டு இருக்கான்."

"போறதுதான் மதினி பயமா இருக்கு."

"என் வீட்டுக்காரன் ரெண்டு வருசமா கப்பல்ல கெடக்கான். நான் முகம் பாக்கது போட்டோவுலதான். நீ ஒரு நாளைக்கு அறுவது தடவை பாக்க. குடுத்து வச்சவ நீ."

இடறின சுற்றையும் சேர்த்து ஆறு சுற்றில் கையெழுத்து முடிந்தது. கோர்ட்டில் இருந்து பதில் வந்தது. மனுதாரர் குறிப்பிட்ட தேதியில் நேரில் வந்து நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஜெசிந்தா அந்தக் கடிதத்தை நான்காக மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

பிள்ளை பிறந்தது. பெண். லீமா என்று பெயர். ஞானஸ்நானத்தன்று சுவாமியார் தொட்டியைக் கோயிலுக்கு வெளியே தூக்கிவரச் சொன்னார். தகப்பன் தாண்டுகிற நேரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றலாம் என்று காத்திருந்தார்கள். பெல் கேட்டது. அவன் வந்தான். ஜெசிந்தா பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி அவன் பக்கமாக நீட்டினாள். அவன் ஒரு விரலை நீட்டினான். விரல் பிள்ளையின் நெற்றியில் பட்டது, தண்ணீரும் பட்டது, அவன் போய்விட்டான். ஊர் கைதட்டியது. பிள்ளைக்குக் காற்றடித்ததைத் தவிர வேறு எதுவும் தெரிந்திருக்காது.

அன்றைக்குத்தான் அவள் பயம் ரூபம் மாறியது. லாரியைப் பற்றின பயமும் மழையைப் பற்றின பயமும் ஒரு பக்கம் இருக்க, அப்பா என்றால் வாசலைத் தாண்டிப் போகிற ஒன்று என்று இந்தப் பிள்ளை படித்துக்கொண்டுவிடுமோ என்ற பயம் வந்து உட்கார்ந்தது. அதற்கு மணி எண்ண முடியவில்லை.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கமிட்டியில் முறையிட்டாள். கோயில் வாசலில் நாற்காலிகள் போட்டு, தொபியாஸ் நடுவில் உட்கார்ந்தார். மூக்காண்டி அண்ணாச்சி துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். ரிப்பன் கட்ட வந்த வெளியூர்க்காரர்களும் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஆளு செத்தாச்சா?" என்று தொபியாஸ் கேட்டார்.

"இல்ல மாமா."

"கை கால் போச்சா?"

"இல்ல."

"வீட்ட விட்டு ஓடிட்டானா?"

"ஒரு நாளைக்கு அறுவது தடவை வீட்டு வழியாத்தான் வாறாங்க."

கூட்டம் சிரித்தது. தொபியாஸும் சிரித்தார். "பின்ன எந்தக் கணக்குலம்மா நஷ்டஈடு?"

"வாறவங்க நிக்கணும்லா மாமா. வாசல்ல செருப்பக் கழத்தணும். பிள்ளையத் தூக்கணும். சோறு சரியில்லன்னு சண்ட போடணும். வழியில போற யாரு கையிலயும் நான் இட்லியக் குடுக்கலாம். அதுக்கா எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சீங்க?"

"சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்து வாயி" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

மூக்காண்டி அண்ணாச்சி முன்னால் வந்தார். "பிள்ள சொல்லுதது நியாயம். எண்ணெயில போட்டது என் கைதான். நானே மாத்தித் தாறேன். அதுக்குப் பொறவு என்ன சொல்லுதியளோ சொல்லுங்க."

அறுபதை நெருங்கின மனுஷர் அவர். பள்ளிக்கூடத்தில் இருந்து சாக்பீஸ் வாங்கினார், மண்ணெண்ணெய் நனைத்த துணியை இடுப்பில் செருகினார், நட்டுகளை வாயில் கவ்விக்கொண்டார், சைக்கிளோடு ஓடினார். முதல் சுற்றில் இரண்டு ரிம்மையும் துடைத்தார். அடுத்த நாலு சுற்றில் சுற்றுக்கு ஒரு கட்டையாகப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். எண்ணெய் காணாத கட்டை. கடையில் இருந்து காகிதத்தைப் பிரிக்காமல் கொண்டுவந்து எல்லோர் கண்ணுக்கு முன்னால் பிரித்த கட்டை. ஆறாவது சுற்றில் ரிம்மில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்தார். உப்பள வாசலில் ஒரு தடவை விழுந்து முட்டித் தோல் பெயர்ந்தது, எழுந்து ஓடினார். ஏழாவது சுற்றில், கோயிலுக்கு முன்னால், சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்க, "இப்பப் பிடிப்பா" என்றார்.

ரெமிஜியுஸ் பார்த்தான். இரண்டு பக்கமும் ஊர் நின்றது. தொபியாஸ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். சுவாமியார் படியில் நின்றார். ரிப்பன் பிடித்த கைகள் நீண்டிருந்தன. பள்ளிப் பிள்ளைகள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவர்களுக்கு நடுவில் ஜெசிந்தா, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி மணிக்கு நிற்கிற மாதிரி மூச்சைப் பிடித்து நின்றாள்.

அவன் இரண்டு கையும் பிரேக்கை மூடினது எல்லோருக்கும் தெரிந்தது. சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது.

"பிடிக்கல அண்ணாச்சி" என்றான்.

மூக்காண்டி அண்ணாச்சி முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார். மூச்சு வந்த பிறகு, "பிடிக்கும்" என்றார். "என் கைக்குத் தெரியும். அது பிடிக்கும்."

"உங்க கையப் பத்திப் பேசாதீங்க" என்றாள் ஜெசிந்தா. அவ்வளவு பேருக்கு முன்னால் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. "அந்தக் கைய நம்பித்தான சைக்கிள விட்டாங்க. அந்தக் கை ஸ்பேனரத் தொடவே கூடாது. இனி எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இப்பிடி ஆகக் கூடாது."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் துண்டால் மூடிக்கொண்டார்.

தீர்ப்பு சீக்கிரம் ஆனது. ரெமிஜியுஸை இனி யாரும் நிறுத்திப் பார்த்துத் தொந்தரவு பண்ணக் கூடாது. மாதா சித்தம் எப்படியோ அப்படி. மூக்காண்டி இந்த ஊரில் ஸ்பேனர் பிடிக்கக் கூடாது. பஸ் நிற்கிற இடத்தில் இருக்கிற அவருடைய தகரக் கடை நஷ்டஈடாக ஜெசிந்தாவுக்கு. "திருப்திதானம்மா?" என்று தொபியாஸ் சாவியைக் கொடுத்தார். அவள் கேட்டது அது இல்லை. ஆனாலும் நீட்டின சாவியை வாங்கிக்கொண்டாள்.

மூக்காண்டி அண்ணாச்சி மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் கட்டி சுமக்கப் போனார். அவள் தகரக் கடையில் கடலை மிட்டாயும் மெழுகுவர்த்தியும் வைத்தாள். என்ன கழுவியும் சாளை எண்ணெய் வாடை போகவில்லை. வெளியூர்க்காரர்கள் ரிப்பன் இருக்கிறதா என்று கேட்டார்கள். முதலில் இல்லை என்றாள். பிறகு பிள்ளைக்குப் பால் மாவு வாங்க வேண்டியிருந்தது, ரிப்பனும் வைத்தாள். சிவப்பு, நீலம், மஞ்சள். தன் புருஷன் சைக்கிளில் யார் யாரோ கட்டுகிற ரிப்பனைத் தானே முழம் போட்டு வெட்டிக் கொடுத்தாள்.

ஒரு திருவிழா போனது. அதற்கு அடுத்த திருவிழாவும் வந்தது. லீமாவுக்கு ஒன்றே முக்கால் வயது. அவள் பேசக் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அம்மா இல்லை. பெல் சத்தம் கேட்டதும் கையைத் தூக்கி ஆட்டி, "டாட்டா" என்பாள். சைக்கிள் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் ஆட்டுவாள். ஊரே அதைப் பார்த்துச் சிரிக்கும். "அப்பனுக்கு டாட்டா சொல்லுத அழகப் பாரு" என்பார்கள்.

கொடியேற்றத்தன்று சாயங்காலம் நாலரை மணி. கோயில் பக்கம் வேட்டுப் போட்டார்கள். பஸ் நிற்கிற இடத்தில் இருந்த கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பி வானத்தைப் பார்த்தது. ஜெசிந்தா ஒரு பெண்ணுக்கு மஞ்சள் ரிப்பன் அளந்துகொண்டிருந்தாள். பெல் கேட்டது. கையில் ரிப்பனோடு நிமிர்ந்தபோது காலடியில் பிள்ளை இல்லை. பிள்ளை ரோட்டின் நடுவில் இருந்தது. வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து ஓடினதோ, டாட்டா சொல்ல ஓடினதோ, சைக்கிளுக்கு நேராகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

ஜெசிந்தாவுக்குக் கால் எழவில்லை.

கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த ரப்பர் காய்ந்த இரும்பைக் கவ்வுகிற சத்தம். எண்ணெயே காணாத சத்தம். கீழமுனையில் அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

சைக்கிள் பிள்ளைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ரிப்பன்கள் எல்லாம் முன்பக்கமாக வீசி அடங்கின. அவன் இடது கால் பெடலை விட்டு எழுந்து தரையில் ஊன்றியிருந்தது. செருப்புக்குக் கீழே கொஞ்சம் புழுதி கிளம்பி உட்கார்ந்தது.

அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவன் பார்த்தான். ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் இருக்கும். அவன் முகத்தில் சந்தோஷமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. கமிட்டிக் கூட்டத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிற காலத்து முகமாக இருந்தது. கோயில் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கூட்டம் இன்னும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். அவ்வளவு பக்கத்தில், நின்ற நிலையில், அவனை அவள் இரண்டு வருஷமாகப் பார்த்ததில்லை. காதோரம் நரைத்திருந்தது. அவன் இறங்குவான் என்று நினைத்து ஒரு கையைக்கூட நீட்டிவிட்டாள்.

"ஏளா, பிள்ளையப் பாத்துக்கிட மாட்டியா?" என்றான்.

காலைத் தூக்கிப் பெடலில் வைத்தான். மிதித்தான். அவன் மிதித்ததை அவள் தன் கண்ணால் பார்த்தாள். சைக்கிள் கிளம்பியது. கூட்டம் தலையைத் திருப்பினபோது அவன் எப்போதும் போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தான். "ரெமி அண்ணன் வாறாரு, வழி விடுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூக்காண்டி அண்ணாச்சி தலையில் ஐஸ் கட்டியோடு நின்றிருந்தார். உருகின தண்ணீர் சாக்கு வழியாகக் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. சைக்கிள் மறைந்த திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனாள். சேலை முந்தியில் முடிந்திருந்த சாவியை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"பாத்தீங்களா அண்ணாச்சி?"

"சத்தம் கேட்டுச்சு."

"எப்பத்துல இருந்து?"

அவர் சுமையை இறக்கிக் கீழே வைத்தார். அவளை நேராகப் பார்க்கவில்லை. "கட்டையப் பாத்தேம்மா, நின்ன நேரத்துல. புதுசா மாட்டுனது மாட்டுன மாதிரியே இருக்கு. ஒன்றரை வருசத்துல ஒரு நூலுகூடத் தேயல."

அவள் சாவியை நீட்டினாள். ஐஸ் சுமந்து சுமந்து வெளுத்து, விரல் மடங்காமல் விறைத்துப்போயிருந்த அவர் கையில் அது நிற்காமல் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, சாவியை உள்ளே வைத்து மூடினாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். எந்த வார்த்தையும் இரண்டு வரிக்குள் அடங்கவில்லை.

பிறகு கடைக்குப் போய், மெழுகுவர்த்தியையும் கடலை மிட்டாய் பாட்டில்களையும் ஒரு பையில் எடுத்து வைத்தாள். ரிப்பன்களை எடுக்கவில்லை. கதவைச் சாத்தினாள். இன்றைக்கு எத்தனை மணி எண்ணியாயிற்று என்று விரல் பழக்கத்தில் கழுத்து ஜெபமாலையைத் தேடியது; தேடின விரலை இழுத்துக்கொண்டு, பிள்ளையோடு மூன்றாம் தெருவுக்கு நடந்தாள்.

வாசலை எட்டினபோது பின்னால் பெல் கேட்டது. இடுப்பில் இருந்த லீமா உடம்பு முழுக்கத் துள்ளி, கையைத் தூக்கினாள். ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கின அந்தச் சின்னக் கையைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கி, தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். பெல் இரண்டு தடவை அடித்தது. அவள் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினாள், பிள்ளையின் செருப்பையும் கழற்றினாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.